வா தாயி, வீட்டுக்குப் போவோம்

சாயங்காலம் ஆறரை மணி. இலஞ்சியிலிருந்து மேலகரத்துக்கு வயல்களுக்கு நடுவே ஒரு பாதை வருகிறதே, அந்தப் பாதை. புரட்டாசி மாதம். ஒரு பக்கம் தென்னந்தோப்பு, இன்னொரு பக்கம் வாய்க்கால். விளக்குக் கம்பம் ஒன்றுகூடக் கிடையாது. முன்னால் ஒரு டிராக்டர் போகிறது… அதன் பின்னால் கயிற்றில் கட்டி இழுபட்டபடி ஒரு பழைய பியட் கார். காருக்குள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முத்துராஜ். தனியாக.

தூறல் விழுந்ததால் கண்ணாடியை ஏற்றியிருந்தான். அப்போதுதான் அந்த வாசனை வந்தது. நல்லெண்ணெயும் சீயக்காயும். தலைக்குக் குளித்துவிட்டு யாரோ பின் சீட்டில் வந்து உட்கார்ந்த மாதிரி…

வாய்க்காலில் யாராவது குளிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். வாய்க்காலில் தண்ணீரே இல்லை.

கிட்ட வந்து உட்காருங்கள். இசக்கிமணி, அந்த ஜன்னலைச் சாத்து, தூவானம் உள்ளே அடிக்கிறது. அருவியில் குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள், லாட்ஜில் கரண்டும் போய்விட்டது, இனி விடியும் வரைக்கும் என்ன செய்வது என்று பேய்க்கதை கேட்டது நீங்கள்தான். ராத்திரி பாத்ரூமுக்குத் துணைக்கு வா என்று யாரும் என்னை எழுப்பக் கூடாது. இப்போதே சொல்லிவிட்டேன்.

எனக்குப் பேயில் நம்பிக்கை கிடையாது. மனிதர்களிடமும் அவ்வளவாகக் கிடையாது, அது உங்களுக்கே தெரியும். ஆனால் இது நம் பேச்சித்தாய் வீட்டில் நடந்தது. நம்மோடு லேபில் வேலை பார்க்கிறவள்தானே… எல்லோரும் குற்றாலம் போகலாம் என்றதும் மேலகரம் வழியாக வரமாட்டேன் என்று அவள் ஒருத்தி மட்டும் நின்றுவிட்டாளே, ஏன் என்று நீங்கள் கேட்டீர்களா? முத்துராஜ் அவளுடைய அண்ணன்.

முத்துராஜுக்கு மேலகரத்தில் ஒரு தகர ஷெட். பழைய கார்களைப் பிரித்து மேய்ந்து ஓட வைப்பதுதான் அவன் வேலை. இரண்டு தெரு தள்ளி வீடு. மனைவி மாரிச்செல்வி, சிவகிரிக்காரி. பிள்ளை இல்லை, மாமியார் இல்லை, சண்டை இல்லை. பார்த்தால் நம் கண்ணே பட்டுவிடும், அப்படி இருந்தார்கள்.

போன ஆடியில் ஜாக்கி நழுவி ஒரு வண்டி அவன் நெஞ்சின் மேல் இறங்கிவிட்டது. பிழைக்க மாட்டான் என்றே எல்லோரும் நினைத்தார்கள். மாரிச்செல்வி திருச்செந்தூர் முருகனுக்கு வேண்டிக்கொண்டாள். பிழைத்தான். ஆவணியில் போய் முடி இறக்கினாள். பேருக்கு ஒரு கொத்து வெட்டிப் போடும் பூமுடி இல்லை, முழு மொட்டை. இடுப்புக்குக் கீழே தொங்கிய முடி அவளுக்கு. அந்தத் தெருப் பிள்ளைகள் எல்லாம் அவள் பின்னலைப் பிடித்து இழுத்து விளையாடும். புருஷனுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் கொடுத்துவிட்டு வந்தாள். அந்த மொட்டைத் தலையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

காரின் சொந்தக்காரர் இலஞ்சி பாண்டித்துரை. போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர், ஊரே ஏட்டையா என்றுதான் கூப்பிடும். முப்பது வருஷமாகக் கார் அவருடைய தோப்பில் ஓலைக் கொட்டகைக்குள் கிடந்திருக்கிறது. சென்னையில் இருக்கிற மகன் அதை ஓட்டியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றதால்தான் வெளியே எடுத்தார். அவருக்கு மனமில்லை என்பது முகத்திலேயே தெரிந்ததாம்.

"எப்படி நின்னுச்சு ஏட்டையா?" என்று முத்துராஜ் கேட்டிருக்கிறான்.

"மழையில நின்னுச்சு. அம்புட்டுதான்." கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னாராம். "நீ எப்ப என்ஜினைத் தொறக்கன்னு எங்கிட்டச் சொல்ல வேண்டாம். உள்ள இருந்து வாரதைக் கொண்டாந்து காட்டவும் வேண்டாம். ஓடுச்சுன்னா போன் போடு, போதும்."

எனக்கென்றால் அங்கேயே சந்தேகம் வந்திருக்கும். நம் ஊரில் வண்டியை வேலைக்கு விட்டவன் எவனாவது கழற்றின பழைய சாமானைப் பார்க்காமல் விடுவானா? தேய்ந்த வாஷரைக்கூடக் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போவான். இந்த மனுஷன் எதையும் காட்டாதே என்கிறார்… முத்துராஜுக்குச் சந்தேகப்படத் தெரியாது. அதுதான் அவனிடம் இருந்த ஒரே குறை.

ஷெட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தான். என்ஜின் அசையவில்லை. முன்பக்கத்தில் பெரிய ஸ்பேனரைப் போட்டுத் தொங்கியும் பார்த்தான், ஒரு மயிரிழைகூடத் திரும்பவில்லை. நாள்பட்ட வண்டியில் பிஸ்டன் துருவேறிச் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். ஒர்க்ஷாப் பாஷையில் அதற்குப் பெயர் 'பிடித்திருக்கிறது'. ஏட்டையாவுக்குப் போன் போட்டான்.

"பாத்துட்டேன் ஏட்டையா. நல்லாப் பிடிச்சிருக்கு."

அந்தப் பக்கமிருந்து மெதுவாக ஒரு கேள்வி.

"யாரை?"

முத்துராஜ் சிரித்துவிட்டான். "யாரையா? பிஸ்டனைத்தான் ஏட்டையா!"

போன் வைக்கப்பட்டது.

ஒட்டிப்போன பிஸ்டனை அடித்து எடுக்கக் கூடாது, உடைந்துவிடும். ஊறப்போட வேண்டும். பிளக்குகளைக் கழற்றிவிட்டு, அந்த நாலு துவாரத்திலும் டீசலும் தின்னரும் கலந்து ஊற்றினான். காலையில் வந்து பார்த்தால் நாலும் காய்ந்து கிடந்தன. கசிந்து கீழே இறங்கியிருக்கும் என்று அடியில் இருக்கிற ஆயில் சட்டியைக் கழற்றிப் பார்த்தான். அங்கே ஒரு சொட்டு இல்லை. தரையும் காய்ந்திருந்தது.

மறுபடி ஊற்றினான். மறுநாள் மறுபடி காய்ந்திருந்தது. பக்கத்தில் டிராக்டர் வைத்திருக்கிற பாரூக்கின் மேல்தான் முதலில் சந்தேகம். காரை இழுத்து வந்தவரும் அவர்தான்.

"அண்ணாச்சி, என்ஜின்ல இருந்து டீசல் எடுத்தியளா?"

"ஏம்ல, எனக்கு என்ன கிறுக்கா? ஒரு பாட்டில் டீசலுக்கு உன் ஷெட்டுக்குள்ள வந்து உறிஞ்சுவேனா?"

இருவருக்கும் பேச்சு நின்றது. முத்துராஜ் ஷெட்டுக்குப் புதுப் பூட்டு வாங்கிப் போட்டான். அப்படியும் நாலு துவாரமும் காய்ந்துகொண்டுதான் இருந்தன. ஊற்ற ஊற்ற யாரோ குடித்த மாதிரி…

சரி, மேலே மூடியிருக்கிற ஹெட்டையே கழற்றிவிடலாம் என்று இறங்கினான். அதன் நட்டுகளும் துருவேறிக் கெட்டித்துப் போயிருந்தன. அதற்கு ஒரு வழி உண்டு. நட்டின் மேல் தீயைக் காட்டிச் சூடாக்கி, மெழுகுவர்த்தியை அதன் மேல் தேய்க்க வேண்டும். மெழுகு உருகி மரைக்குள் இறங்கும். பிறகு ஸ்பேனரைப் போட்டுக் கொஞ்சம் இறுக்கு, கொஞ்சம் தளர்த்து… இறுக்கு, தளர்த்து… அவசரப்பட்டால் நட்டு முறியும்.

முத்துராஜுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. வராத நட்டோடு பேசுவான். சும்மா இல்லை, கொஞ்சிக் கொஞ்சிப் பேசுவான். வா தாயி, வா என் தங்கம், எம்புட்டு நேரம் இங்கனயே இருப்ப, வெளிய வா, நம்ம வீட்டுக்குப் போவோம்… மேலகரத்தில் இதைச் சொல்லி அவனைக் கேலி செய்யாத ஆள் கிடையாது. மாரிச்செல்வியே சிரிப்பாள்.

நட்டுகள் வந்தன. ஹெட்டும் வந்தது. உள்ளே பார்த்தால்… சிலிண்டர் நாலும் கண்ணாடி மாதிரி இருந்தன. துருவே இல்லை. பிஸ்டன் ஒவ்வொன்றையும் அடியில் கழற்றிவிட்டு மரக்கட்டையால் ஒரு தட்டுத் தட்டினான். வெண்ணெயில் வழுக்கிவருவது போல நாலும் வெளியே வந்தன.

அப்படியானால் பிடித்திருந்தது பிஸ்டன் இல்லை.

பிஸ்டனே இல்லாத என்ஜின், ஆனாலும் சுற்ற மாட்டேன் என்கிறது. வேறு எதுவோ பிடித்துக்கொண்டிருக்கிறது. மிச்சம் இருந்தது முன்பக்கத்துப் புல்லி ஒன்றுதான். பெல்ட் ஓடுகிற சக்கரம், அது சுற்றினால்தான் அதற்கு மேலே இருக்கிற விசிறி சுற்றும்.

"என்னக்கா, பேய் எப்ப வரும்? ஒர்க்ஷாப்பையே சுத்திக்கிட்டு இருக்கிய," என்கிறாள் ஜெயசித்ரா. பொறு, ஏட்டி. அது எப்போதோ வந்துவிட்டது.

அன்றைக்கு ஐப்பசி அடைமழை. பகல்தான், ஆனால் ஷெட்டுக்குள் விளக்குப் போட வேண்டியிருந்தது. புல்லியில் இழுவைக் கருவியை மாட்டி, தீயைக் காட்டி, மெழுகைத் தேய்த்து, முத்துராஜ் ஆரம்பித்தான். சட்டைப் பையில் போன். குனிந்த குனியில் அது எப்படியோ அமுங்கி வீட்டு நம்பருக்குப் போய்விட்டது.

மாரிச்செல்வி எடுத்தாள். ஹலோ, ஹலோ என்றாள். பதில் இல்லை. வைக்கப் போனவள் புருஷன் குரல் கேட்டுக் காதிலேயே வைத்துக்கொண்டாள்.

டொக்… டொக்… சுத்தியல். தீயின் ஸ்ஸ்ஸ் என்ற சத்தம். அப்புறம் அவன் குரல். குழைந்த குரல்.

"வா தாயி… எத்தனை வருசமா இங்கனயே கிடக்க? போதும், வெளிய வா. நம்ம வீட்டுக்குப் போவோம். எம் பொண்டாட்டி ஒண்ணும் சொல்ல மாட்டா. வருதியா?"

மாரிச்செல்வி சிரித்தாள். அவள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே…

"ம்."

ஒரு பெண்ணின் குரல். தள்ளி நின்று பேசின மாதிரி இல்லை. போனில் வாயை வைத்துச் சொன்ன மாதிரி, ஈரமாக.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மழையில் ஓடினாள். ஷெட் கதவைத் தள்ளினாள். உள்ளே முத்துராஜ் மட்டும் நிற்கிறான், ஒரு கையில் புல்லி, முகமெல்லாம் சிரிப்பு.

"வந்துட்டுட்டி மாரி! வந்துட்டு!"

"யாரு வந்தா?"

"புல்லிதான்! வேற யாரு?"

அவள் காரைச் சுற்றி வந்தாள். குனிந்து அடியில் பார்த்தாள். பின் வாசல் பூட்டியிருந்தது, பூட்டில் துரு. ஷெட்டுக்குள் டீசல் நாற்றம்தான் அடிக்க வேண்டும். நல்லெண்ணெயும் சீயக்காயும் மணந்தன. கார்க் கதவைத் திறந்து பின் சீட்டைத் தொட்டுப் பார்த்தாள். சொதசொதவென்று ஈரம். நனைந்த துணியோடு யாரோ உட்கார்ந்து எழுந்த ஈரம். நிமிர்ந்து புருஷனை ஒரு பார்வை பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

அவள் பார்க்காதது ஒன்று இருந்தது. புல்லி வந்ததும், அதன் பின்னால், அது மாட்டியிருந்த தண்டில் எதுவோ சுற்றியிருப்பதை முத்துராஜ் கண்டான். தேங்காய் நார் என்று நினைத்து நுனியைப் பிடித்து இழுத்தான். வந்தது… வந்துகொண்டே இருந்தது. ஒரு முழம். ரெண்டு முழம். நார் இல்லை. முடி. கன்னங்கரேலென்று, ஒரு பொட்டுக் கிரீஸ் ஒட்டாமல், இப்போதுதான் குளித்தது போல ஈரமாக… ஒரு கற்றை முடி ஓர் என்ஜினை நிறுத்துமா? நிறுத்தாது. அவனுக்கும் அது தெரியும். ஆனால் அது கையோடு வந்த மறு நிமிஷம் தண்டு தானாக ஒரு சுற்றுச் சுற்றி நின்றதாம்.

அந்த நேரம் பார்த்துத்தான் கதவு திறந்து மனைவி நிற்கிறாள். யாரையோ தேடுகிற முகம். இவனுடைய இன்னொரு கையில் பெண்முடி. எந்த ஆம்பளைக்கும் அந்த நேரத்தில் அதைப் பையில் திணிக்கத்தானே தோன்றும்? திணித்துவிட்டான். அப்புறம் மறந்தும் விட்டான்.

சீப்பில் வருகிற முடியை நாம் என்ன செய்வோம்? சுருட்டி, மூன்று தடவை துப்பி, அப்புறம்தானே வெளியே போடுவோம். துப்பாமல் போட்டால் என் அம்மாவிடம் அடி விழும். இந்த ஆம்பளைகளுக்கு இதெல்லாம் எங்கே தெரிகிறது… முத்துராஜ் துப்பவில்லை. வா, வீட்டுக்குப் போவோம் என்று கூப்பிட்டுவிட்டு, வந்ததை நெஞ்சுக்கு மேலே பையில் வைத்து, வீட்டு வாசல்படி தாண்டிக் கொண்டுபோய்விட்டான்.

மறுநாள் காலையில் சட்டை துவைக்கும்போது மாரிச்செல்வி பையில் கைவிட்டாள். மடித்து மடித்து ஒரு கற்றை. முடி இறக்கி ரெண்டு மாதம், அவள் தலையில் அப்போதுதான் முள்ளு முள்ளாக வளர ஆரம்பித்திருக்கிறது. அந்த வீட்டில் நீண்ட முடி என்றால் அது அவளுடையது இல்லை.

"இது யாருது?"

"அது… என்ஜின்ல இருந்து வந்துச்சுட்டி."

"என்ஜின்ல இருந்தா?"

"சத்தியமாட்டி. புல்லிக்குப் பின்னால சுத்திக் கிடந்துச்சு."

நீங்கள் சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். உங்களில் யார் வீட்டுக்காரராவது இப்படிச் சொன்னால் நம்புவீர்களா? அவன் சொன்னது அத்தனையும் உண்மை. அவள் கேட்ட குரலும் உண்மை. ரெண்டு பேருமே பொய் சொல்லவில்லை, அங்கேதான் குடும்பம் உடைந்தது.

"உங்க உசுருக்குத்தான என் தலைமுடியைக் குடுத்தேன்," என்றாளாம் மாரிச்செல்வி. "எங்கிட்டயே நீட்டு முடியைக் கொண்டாந்து காட்டுதிய."

அந்தக் கற்றையை முகம் பார்க்கும் கண்ணாடிக்குக் கீழே சீப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, சிவகிரிக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

முத்துராஜ் என்ஜினை மறுபடி மாட்டி முடித்தான். ஒற்றை விரலால் தொட்டால் சுற்றியது. ஏட்டையாவுக்குப் போன் போட்டான்.

"விட்டுட்டு ஏட்டையா."

"எது?"

"பிடிச்சிருந்தது விட்டுட்டு. ஓடுது."

எதையும் காட்டாதே என்ற மனுஷன் இப்போது கேட்டார். "உள்ள இருந்து எதாவது வந்துச்சா?"

"வந்துச்சு."

"எங்கன வச்சிருக்க?"

"வீட்டுல."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஏட்டையா போனை எடுக்கவே இல்லை. கார் கேட்டு ஆளும் வரவில்லை. இலஞ்சியில் நான் விசாரித்தேன், எனக்குத்தான் சும்மா இருக்க வராதே. அவருடைய மூத்த சம்சாரம் முப்பது வருஷத்துக்கு முன்னால் அவரோடு காரில் ஐந்தருவிக்குக் குளிக்கப் போனாளாம். குளித்த தலையோடு எவனோடோ ஓடிப்போய்விட்டாள் என்று அவர் தனியாகத் திரும்பி வந்தாராம். ஊர் இன்றைக்கும் அவளை ஓடுகாலி என்றுதான் சொல்கிறது. காணவில்லை என்று எழுதிக் கொடுத்தது அவர். விசாரித்தது அவரோடு வேலை பார்த்தவர்கள். கார் தோப்புக்குள் போனதும் அதே நாள்தான். பானெட்டைத் திறந்து வைத்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றும்போது அவள் குனிந்து பார்த்து ஈரமுடி ஓடுகிற பெல்ட்டில் சிக்கியதோ, இல்லை யாராவது குனிய வைத்தார்களோ… எனக்குத் தெரியாது. தெரியாததை நான் சொல்லவில்லை.

பேச்சித்தாய் சிவகிரிக்குப் போனாள், மைனியை, அதாவது அண்ணன் மனைவியை, சமாதானம் செய்ய.

"மைனி, அண்ணன் நட்டுகூடத்தான் பேசும். உங்களுக்குத் தெரியாதா?"

மாரிச்செல்வி கேட்டாளாம். "நட்டு ம்முன்னு சொல்லுமா பேச்சி?"

ரொம்ப நேரம் ரெண்டு பேரும் அழுதார்கள். கடைசியில் மாரிச்செல்விதான் இறங்கி வந்தாள். "அவுக யாருகிட்டயோ சொன்னாவல்லா, வா, வீட்டுக்குப் போவோம்னு… அதை எங்கிட்ட ஒரு தடவை சொல்லச் சொல்லு. ஒண்ணும் கேக்க மாட்டேன். வந்துருதேன்."

அவ்வளவுதான் அவள் கேட்டது. மூன்று வார்த்தை. அதைச் சொல்லத்தான் பேச்சி ரெண்டு நாள் கழித்து மேலகரம் போனாள். மதியம் தாண்டி வெயில் அடித்துக்கொண்டிருந்த நேரம். அண்ணன் வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். ஆள் ஒரு சுற்றுப் பருத்திருந்தான். முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

"அண்ணே, மைனி என்ன சொன்னாவன்னா…"

"ஒன் மைனி நேத்தே வந்துட்டாளேட்டி! உள்ள போய்ப் பாரு."

பேச்சிக்குச் சந்தோஷத்தில் கண்ணே கலங்கிவிட்டது. உள்ளே ஓடினாள். வீடு துடைத்து வைத்தது போல இருந்தது. சீயக்காய் மணம். பின்வாசல் துவைகல்லில் மைனி திரும்பி உட்கார்ந்து தலை துவட்டிக்கொண்டிருந்தாள். மைனி வீட்டில் கட்டுகிற அதே கிளிப்பச்சைச் சேலை. முடி நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்… சொட்…

"மைனி, எப்ப வந்திய? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே."

"ம்."

"கோவம் தீந்துட்டா?"

"ம்."

அண்ணன் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, நிம்மதியாகத் தென்காசிக்குப் பஸ் ஏறினாள். ஜன்னல் ஓர சீட். காற்றில் அவள் முடி அவிழ்ந்து முகத்தில் அடித்தது. அதை ஒதுக்கிக் காதுக்குப் பின்னால் செருகப் போனாள்… கை அப்படியே நின்றுவிட்டது.

மைனிக்கு ஏது முடி?

சிவகிரிக்குப் போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தார்கள். மாரிச்செல்விதான். ஆசையாகக் கேட்டாளாம், "என்னட்டி, அண்ணன்கிட்டச் சொன்னியா? கூப்பிடுதாவளா?"

பேச்சிக்கு அழுகைதான் வந்தது. புருஷன் கூப்பிட மாட்டேன் என்று சொல்லிவிட்டான் போல என்று மாரிச்செல்வி எடுத்துக்கொண்டாள். சரி, வறட்டுக் கௌரவம் என்னத்துக்கு, நானே போகிறேன் என்று மறுநாள் காலையில் பஸ் ஏறிவிட்டாள். தலையில் ஒரு மஞ்சள் துண்டைச் சுற்றிக்கொண்டு, கையில் ஒரு பையோடு, தன் வீட்டுக் கதவைத் தானே தட்டினாள்.

முத்துராஜ் பாதிக் கதவைத் திறந்தான். அவளை மேலிருந்து கீழே பார்த்தான். மஞ்சள் துண்டு. மொட்டைத் தலை. பை. அவன் முகத்தில் கோபம் இல்லை, வெறுப்பு இல்லை. வாசலில் வந்து நிற்கிற வேற்று மனுஷியிடம் காட்டுகிற மரியாதை மட்டும்தான் இருந்தது.

"வேண்டுதலுக்கு மடிப்பிச்சை எடுக்க வந்தியளாம்மா? கொஞ்சம் நில்லுங்க."

திரும்பி வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுத்தான்.

"ஏட்டி மாரி! வாசல்ல ஒரு அம்மா நிக்காவ. ஒரு படி அரிசி கொண்டா!"

உள்ளேயிருந்து பதில் வந்தது.

"ம்."

மாரிச்செல்வி அரிசி வருகிற வரைக்கும் நிற்கவில்லை.

முத்துராஜுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்கிறார்கள் சிலர். எவளையோ கொண்டுவந்து வைத்துக்கொண்டு நாடகம் போடுகிறான் என்கிறார்கள் பலர். நானும் அப்படித்தான் நினைத்தேன், சந்தேகப்படுவது என் பிறவிக் குணம். போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகச் சிவகிரி போனவள், மாரிச்செல்வியையும் பார்த்துவிட்டு வரலாம் என்று அவள் அம்மா வீட்டுக்குப் போனேன். இத்தனை வெயிலிலும் தலையில் அந்த மஞ்சள் துண்டு. எடு, பார்ப்போம் என்றேன். எடுத்தாள்.

மொட்டை போட்டு ஒன்பது, பத்து மாதம் ஆயிற்று. காதை மூடுகிற அளவுக்காவது வளர்ந்திருக்க வேண்டாமா? ஐப்பசியில் முள்ளு முள்ளாக இருந்ததே, அந்த முள்ளும் இல்லை. என் உள்ளங்கை மாதிரி வழவழவென்று இருந்தது. ரத்தம் எடுத்துவந்து நானே எல்லா டெஸ்டும் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை.

"வளரத்தான் செய்யுதுக்கா," என்றாள் மாரிச்செல்வி. துண்டை மறுபடி சுற்றிக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னாள். "பாரூக் அண்ணாச்சி பாத்தாராம். அவளுக்கு இப்ப முட்டுக்குக் கீழ வந்துட்டாம்."